நாலாய் வெட்டப்பட்ட இன்னிசை மாலுமி

1

"அப்பா, நான் உங்களை நாலா வெட்டிப்போட்டன்."

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சோற்றில் கை வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மென்ற் படியில் ஏறி வந்த என் மகள் ஷரோன் இப்படிச் சொன்னாள். இருபத்தாறு வயது. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் கதைப்பாள், ஆனால் வினைச்சொற்கள் எல்லாவற்றையும் எங்கள் குசினியில் இருந்துதான் பொறுக்கிக்கொண்டாள். ஆகவே அவளுடைய தமிழில் எதுவாக இருந்தாலும் வெட்டப்படும், வதக்கப்படும், இறக்கப்படும். என் மனைவி ஜெசிந்தா அகப்பையைக் கீழே வைக்காமலே, "சாப்பிட்டு முடியட்டும், பிறகு வெட்டு" என்றாள்.

விஷயம் இதுதான். திருகோணமலையில் இருந்து வரும்போது நான் கொண்டு வந்த ஒரே ஒரு கசெற்றை அவள் கணினியில் ஏற்றிவிட்டாள். அதில் உள்ள என் பாட்டை நாலு துண்டாக்கி, ஒரு துண்டைச் செக்கில் கட்டின மாடு மாதிரிச் சுற்ற விட்டு, அதன்மேல் தாள அடியைப் போட்டு ஹிப் ஹொப் ஆக்குகிறாள். அதற்குப் பெயர் சாம்பிள் எடுப்பது என்றாள். என் வயதில் சாம்பிள் என்றால் வைத்தியர் சின்னப் போத்தலைத் தந்து கேட்பது.

அவளைக் குற்றம் சொல்லவும் ஏலாது. கேட்டவர்கள் எங்கள் ஊர்ச் சங்கத்தார். ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெளிநாட்டில் இரண்டு திருகோணமலைக்காரர் சந்தித்தால் சங்கம் ஒன்று உண்டாகும், மூன்றாவது ஆள் வந்தால் அது இரண்டாகப் பிரியும். எங்களுடையது அதிசயமாகப் பிரியாமல் இருபத்தைந்தாவது ஆண்டுவிழாவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு விழாவிலும் நான் என்னுடைய "கரைப் பாட்டை"ப் பாடுவேன். செயலாளர் பொன்னாடை போர்த்துவார். "இசையமைத்துப் பாடியவர் எங்கள் அருள்தாஸ்" என்பார். இந்த வருடம் இளைஞர்களையும் இழுக்க வேண்டும் என்று ஷரோனிடம் அதே பாட்டைப் "புது ரகத்தில்" செய்து தரச் சொன்னார்கள். எனக்கு ஒரு பட்டமும் தயாராகியிருந்தது: இன்னிசை மாலுமி.

மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறினாலே சத்தி எடுக்கிற ஆள் நான். ஆனால் பட்டம் என்று வந்தால் மனிதனுக்கு வயிறு எல்லாம் சரியாகிவிடுகிறது.

2

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலை ஆறரைக்கு மஞ்சள் பஸ்ஸை எடுத்தால் நாற்பது பிள்ளைகள், நாற்பது போன், நாற்பது வகையான டும் டும். "சத்தத்தைக் குறையுங்கோ" என்பதை இருபது வருடமாக ஆங்கிலத்தில் சொல்லி வருகிறேன். இன்னும் அவர்களுக்கு என் ஆங்கிலம் விளங்கவில்லை, அல்லது நன்றாக விளங்குகிறது. அந்த டும் டும் இப்போது என் வீட்டு நிலத்துக்கு அடியிலேயே பிறக்கிறது என்றால், சொந்தப் பிள்ளையோடு சண்டை பிடிக்காமல் என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேஸ்மென்றில் இறங்கி, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ஷரோன் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இந்த இசையில் இரண்டு கட்சியாம். ஒரு கட்சி, கறுப்பினத்தவரின் பழைய சோல் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து, அதில் ஒரு குரலை வெட்டி, சுருதியைக் கூட்டிச் சுற்ற விடும். மற்றக் கட்சி, அதெல்லாம் வேண்டாம், வாத்தியக்காரரைக் கூட்டி இருத்திப் புதிதாகப் போடு என்று சொல்லும்.

"சோல் எண்டால் என்ன? ஆத்துமாவோ?" என்றேன்.

"கோயில்ல பாடிப் பழகின குரல்கள் அப்பா. பிறகு வெளியால வந்து காதலைப் பாடினாலும் கோயில் போகாது. அந்தக் குரலை ஒருத்தரும் புதுசாச் செய்ய ஏலாது. அதுதான் எடுக்கிறம்."

"எடுக்கிறதுக்கு எங்கட ஊரில வேற பேர் இருக்கு."

சிரித்தாள். எனக்குச் சூடு ஏறியது. கையை ஆட்டிப் பிரசங்கம் தொடங்கினேன். நாங்கள் திருகோணமலை உள்துறைமுகத்துப் பக்கம் ஐந்து பேர், ஒரு கோயில் பங்கு மண்டபம், ஒரு கிற்றார், ஒரு தபேலா, மேலே சுற்றாத ஒரு மின்விசிறி. ஊரடங்குக்கு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஒன்றுமில்லாத இடத்தில் இருந்து ஒரு பாட்டை உண்டாக்கினோம். உன்னுடைய ஆட்கள் மற்றவன் ஆக்கின கறியைச் சூடாக்கிச் சாப்பிடுகிற கூட்டம். நாங்கள் அடுப்பு மூட்டினவர்கள்.

"நாங்கள் ஆர் ஆக்கின கறி எண்டு சொல்லிப்போட்டுத்தான் அப்பா சூடாக்கிறம்" என்றாள் ஷரோன். "பேர் போடோணும், கேட்டு எடுக்கோணும். லைவ்வாப் போடுறவைக்குத்தான் எங்க கேட்டது எண்டு சொல்லத் தேவையில்லை."

அவள் அதைப் பொதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்க வேண்டும் போல் இருந்தது. மேலே போய்விட்டேன்.

3

இனிக் கசெற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது முதலில் எங்கள் பங்குச் சாமியாரின் தவக்காலப் பிரசங்கம் பதிந்த கசெற். புதுக் கசெற் கிடைக்காத காலம். பிரசங்கத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு மிச்சத்தின்மேல் பாட்டைப் பதிந்தோம். சாமியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்களுக்கு இன்னொரு பிரசங்கம் கிடைத்திருக்கும். பதிகிற பொத்தானில் ஒரு பழுது இருந்தது. இரண்டு விரலால் அமத்திப் பிடித்தால்தான் விழும், கிளம்பினால் பிறகு அன்றைக்கு விழாது. ஆகையால் ஒத்திகை தொடங்கும்போதே அமத்திவிட்டு, எல்லாம் முடியும் வரைக்கும் ஓட விடுவோம். ஏச்சு, இருமல், சிரிப்பு எல்லாம் அதற்குள் போகும்.

கனடாவுக்கு வந்தபின் நான் அந்தக் கசெற்றைப் போடும்போதெல்லாம் பாட்டு தொடங்குகிற இடத்தில் இருந்துதான் போடுவேன். முன்னுக்கு இருப்பது பிரசங்கம்தானே என்று எல்லோருக்கும் சொல்வேன். பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு ஒத்திகை இருப்பது மறந்துபோயிற்று என்று எழுத விருப்பம். மறப்பது வசதியாக இருந்தது என்பதுதான் சரி.

ஷரோனின் ஆட்கள் கசெற்றை முதலில் இருந்து கேட்பார்கள். அவர்களுக்குப் பாட்டை விட இரைச்சல்தான் முக்கியம். சாமியாருடைய இருமல் ஒன்றை வெட்டி, அதைத்தான் மேளத்து அடியாகப் போட்டிருந்தாள். நல்ல இருமல்தான், பாவம், காசம் வந்த மனுசன். அதைப் போட்டுக் காட்டிவிட்டு, "இதையும் கேளுங்கோ" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல்.

"இல்லைத் தம்பி, அப்பிடி இல்லை. அங்க ஏறாதை. நான் பாடுறன், கேள்."

குரல் முனகிக் காட்டுகிறது. பின்னால் ஒரு கிற்றார் நொண்டி நொண்டி வருகிறது. அந்த நொண்டி நான்.

"ஐயோ, அது கையோ விறகுக்கட்டையோ? திருப்பி."

திரும்பவும் முனகல், திரும்பவும் நொண்டல். அப்போது வெளியே துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதுகிறது, நீளமாக. கிற்றார் நின்றுவிடுகிறது. பிறகு அதே குரல், சந்தோசத்தில் சத்தம் கூடி:

"கேட்டியா? அதுதான் உன்ட கடைசிச் சுரம்! அந்தக் கப்பல் நிண்ட இடத்துக்கு இறங்கு. நான் முழுக்கப் பாடுறன், நீ பின்னால வா."

பிறகு கரைப் பாட்டின் மெட்டு, தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும், சொல் ஒன்றும் இல்லாமல், அந்தப் பெண்ணின் வாயில் இருந்து வருகிறது.

பதினைந்து வருடமாக மேடையிலும், ஒருமுறை எங்கள் ஊர்க்காரர் நடத்துகிற வானொலியிலும் நான் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. கப்பல் ஊதுவதைக் கேட்டு, அந்தச் சுரத்தில் பாட்டை இறக்கியது என் கற்பனை என்று. சனம் கை தட்டும். ஒருமுறை ஒரு அம்மா அழுதுகூட இருக்கிறார். அந்தக் கண்ணீரை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

நான் முதலில் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். முதல் விழாவில் செயலாளர்தான் "இசையமைத்துப் பாடுபவர்" என்றார். மற்றவன் சொன்ன பொய்யை நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் திருத்தினால் முதல் வருடம் ஏன் திருத்தவில்லை என்று கேட்பார்கள். ஐந்தாம் வருடம் அது உண்மையாகிவிட்டது. பத்தாம் வருடம் நானே கப்பலை ஏற்றினேன். சொற்கள் என்னுடையவை, அதை மட்டும் ஒருத்தரும் பறிக்க ஏலாது. அவற்றிலும் பாதி சும்மா "அலை", "கலை", "விலை".

4

"அப்பா, இந்த அன்ரி ஆர்?"

"அவவோ... கோயில் பாட்டுக்குழுவில இருந்த அக்கா. திரேசா அக்கா. சும்மா நிண்டவா."

"சும்மா நிண்டவாவோ?"

"ஓம். சும்மா, உதவிக்கு."

ஷரோன் என் முகத்தைப் பார்த்தாள். வாதாடியிருந்தால் வென்றிருப்பேன், வாய் என்ற ஒன்று எனக்கு நன்றாக இருக்கிறது. அவள் வாதாடவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, தனக்குத்தானே சொல்வது மாதிரி, "அவ கப்பலை சாம்பிள் எடுத்திருக்கிறா அப்பா. கணினி இல்லாமல்" என்றாள். அந்தக் குரலில் இருந்த மரியாதை எனக்கு ஒருநாளும் இந்த வீட்டில் கிடைத்ததில்லை.

அடுத்தது ஃபோர்ம். இந்த நாட்டில் மனிதன் சாக வேண்டும் என்றாலும் முதலில் ஒரு ஃபோர்ம், அதன் பிரதி இரண்டு. பாட்டை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றால், அதில் குரல் கேட்கிற ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள் ஷரோன். எங்கட ஆட்களுக்கு எதற்கு ஃபோர்ம் என்று கேட்டேன். "எங்கட ஆக்கள் எண்டபடியாத்தான்" என்றாள். சாமியார் மோட்சத்துக்குப் போய்க் கனகாலம், அங்கே தபால் சேவை இல்லை. ஆகவே அவருடைய இருமலை எடுத்துவிட்டு ஜெசிந்தா அகப்பையால் சட்டியில் தட்டுவதைப் பதிந்து போட்டாள். ஜெசிந்தா கையெழுத்து வைத்த வடிவைப் பார்க்க வேண்டும், கல்யாணப் பதிவில் கூட அவ்வளவு பெருமையாக வைக்கவில்லை.

திரேசா அக்காவுக்கான ஃபோர்மில் இரண்டு இடங்கள். குரல் கொடுத்தவர், கையெழுத்து. அதற்குக் கீழே இசையமைத்தவர், பெயர். முதலாவதை ஷரோன் நிரப்பியிருந்தாள். இரண்டாவது வெறுமையாக இருந்தது.

"அதை நீங்களே நிரப்புங்கோ அப்பா. நான் எழுதினால் பிழையாப் போகும்."

இருபத்தாறு வருடம் பிள்ளை தமிழில் பின்தங்கிவிட்டாள் என்று கவலைப்பட்டேன். இதைவிட நல்ல தமிழை யார் கதைப்பது?

நான் என் பெயரை எழுதினால், அவள் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிவிடுவாள். பிறகு என்னோடு ஒரு வார்த்தை மனம் திறந்து கதைக்க மாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பேனையை மூடிக்கொண்டு, என் சொந்த அக்காவின் மகனுடைய கல்யாணத்துக்குத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போகிறேன்தானே, அங்கே பார்ப்போம் என்றேன்.

5

கல்யாணம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பாட்டுக்குழு லைவ்வாக வாசித்தது. லைவ் என்றால், கீபோர்டில் ஒரு பொத்தானை அமத்திவிட்டு வாசிப்பவர் போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேஸ்மென்றுப் பிரசங்கம் நினைவுக்கு வந்து, பிரியாணியைக் குனிந்து சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை திரேசா அக்கா இருக்கிற அன்புவழிபுரத்துக்கு ஓட்டோவில் போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, எங்கள் ஊர்த் தெருவில் திரிகிற மான் இரண்டு நடுறோட்டில் நின்றன, ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார். எனக்கு அவை இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நல்லது போல் இருந்தது.

திரேசா அக்கா துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. தலை முழுக்க நரை, குரல் மட்டும் அப்படியே.

"வா தம்பி. கதிரையில பூனை கிடக்கு, தள்ளிப்போட்டு இரு. சாப்பிட்டியோ?"

"ஓம் அக்கா. நீங்கள் சுகமோ?"

"சுகத்துக்கென்ன. உனக்குத்தான் வயிறு தள்ளி வண்டி வைச்சிட்டுது."

ஃபோர்மைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி வாசித்தார். "இது ஆர் அடிச்சது? முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடேல்லை" என்றார். பிறகு என் போனில் இருந்த ஷரோனின் பாட்டை ஹெட்போனில் கேட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். எனக்கு அது உதவியாக இருந்திருக்கும், நானும் சேர்ந்து அழுதுவிட்டு விஷயத்தை முடித்திருப்பேன். அவர் அழவில்லை. திரும்பவும் ஒருமுறை கேட்டார்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இரண்டாவது தரம் நான் மூச்சு எடுத்தது கேக்குது, அதை வெட்டச் சொல்லு. கப்பலை வெட்டவேண்டாம்."

குரல் கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். அடுத்த இடத்துக்கு விரல் போனது.

"இதில என்ன எழுதப்போறாய்?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நல்ல வாய், மேடைக்கு மேடை கப்பல் விட்ட வாய், சும்மா திறந்தபடி நின்றது.

"அக்கா, நான் அங்க..."

"தெரியும். உங்கட விழாவை நெற்றில போடுறாங்கள்தானே. ஒவ்வொரு வருஷமும் பாக்கிறனான். இந்த வருஷமாவது சொல்லுவாய் எண்டு பாப்பன். அந்தக் கப்பல் கதை தொடங்கின உடன மூடிப்போட்டு உலை வைக்கப் போயிடுவன்."

கோபம் இல்லை அந்தக் குரலில். பஸ் வரவில்லை, நடந்து வந்தேன் என்று சொல்வது மாதிரிச் சொன்னார். எத்தனையோ வருடமாக ஒரு மனுசி, கடலுக்கு இந்தப் பக்கம் தனியே இருந்து, நான் உண்மை சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். நான் அங்கே பொன்னாடையைச் சரி செய்துகொண்டு நின்றிருக்கிறேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அதைச் சாமியாரிட்டக் கேள், அவருக்கு அது தொழில். என்னட்டக் கேக்காதை. எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

பேனையை எடுத்து அவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். ஃபோர்மில் எழுத்துக்கு ஒரு பெட்டி. திரேசா முடிந்து செபஸ்தியாம்பிள்ளை பாதியில் பெட்டி தீர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் எங்கள் தகப்பன்மாரை நினைத்துப் பெட்டி கீறுவதில்லை. நான் பெட்டிகளைத் திரும்ப எண்ணினேன்.

"மிச்சத்தை வெளியால எழுது" என்றார் திரேசா அக்கா. "இவ்வளவு காலமும் வெளியாலதானே நிண்டனான்."

6

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளர் கேடயத்தைத் துடைத்து மேசையில் வைத்திருந்தார். இன்னிசை மாலுமி என்று பொன் எழுத்து, பக்கத்தில் ஒரு நங்கூரம். பொன்னாடை விழுந்தது. "இசையமைத்துப் பாடிய" என்று அவர் தொடங்கும்போது ஷரோன் பொத்தானை அமத்திவிட்டாள்.

"இல்லைத் தம்பி, அப்பிடி இல்லை. அங்க ஏறாதை."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிறகு அகப்பைத் தட்டு, பிறகு மெட்டு, பிறகு கப்பல். பிள்ளைகள் எழும்பி ஆடத் தொடங்கினார்கள், பெரியவர்கள் காதைப் பொத்தவில்லை. பாட்டு முடிந்தது. மைக் என் கையில் இருந்தது. வீட்டில் நாலு பக்கம் எழுதி, ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டி, சட்டைப் பைக்குள் வைத்திருந்த பேச்சை எடுக்கவில்லை.

"ஏச்சு விழுந்தது எனக்கு" என்றேன். "ஏசின அக்காதான் இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவா. பேர் திரேசா செபஸ்தியாம்பிள்ளை. அன்புவழிபுரத்தில இருக்கிறா. கப்பலும் அவவின்ட. நான் இருபத்தஞ்சு வருஷமா உங்களுக்குப் பொய் சொன்னனான்."

ஒருத்தரும் கை தட்டவில்லை. கதிரை ஒன்று கிறீச்சிட்டது. முன்வரிசையில் ஒரு காலத்தில் அழுத அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன். செயலாளர் என் காதுக்குள், "அண்ணை, கேடயத்தில பேர் அடிச்சாச்சு, இப்ப என்ன செய்யிறது?" என்றார். மனுசனுக்கு அவருடைய கவலை. பொன்னாடையை நானே கழற்றி மடித்து அவருடைய கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஷரோன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "ஒரே தரத்தில முடிச்சிட்டியள். இதுதான் அப்பா லைவ்" என்றாள். வயரின் மற்ற நுனியைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டுக் கணக்கில் அது கட்டிப்பிடித்ததற்குச் சமம்.

விழா ஒளிப்பதிவை இரண்டு நாள் கழித்து ஏற்றினார்கள். என் பேச்சை வெட்டுவதா வேண்டாமா என்று செயற்குழு கூடி வாக்கெடுப்பு நடத்தியதாகக் கேள்வி. ஒரு வாக்கால் நான் தப்பினேன். அடுத்த நாள் காலை பஸ்ஸை எடுக்க முதல் போன் அடித்தது. ஊரில் பின்னேரம்.

"தம்பி, இந்த முறை முழுக்கப் பாத்தனான்" என்றார் திரேசா அக்கா. "அடுப்பில உலை இருந்தது, மறந்திட்டன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு."